மணப்பெண்ணோடு கூடுவாஞ்சேரிக்கு

கல்யாணப் பெண்ணே என்னை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது. பெயர் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு கார் ஓட்டுநர்கள் நின்ற வரிசையில், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜெசி நின்றிருந்தாள். ஐம்பத்து நான்கு வயது. பாதித் தலை நரை. கல்யாணத்துக்காக அதற்குச் சாயம் எதுவும் பூசியிருக்கவில்லை.

“மெலிஞ்சுட்டே உமா.”

“நீ கொஞ்சம் வெயிட் போட்டிருக்கே.”

“கல்யாணக் களைடி” என்று சொல்லிவிட்டு என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு நூலகத்தில் வேலை. விடுப்புக் கேட்டபோது கூட வேலை பார்க்கும் அன்னமீக், “கல்யாணம் உன் தங்கைக்கா?” என்று விசாரித்தாள். சிநேகிதிக்கு என்றேன். “சிநேகிதிக்காக அவ்வளவு தூரமா? இது அவளுக்கு எத்தனையாவது கல்யாணம்?” முதலாவது என்றதும் அவள் முகமே மாறிவிட்டது. “அப்படியென்றால் நீ போகத்தான் வேண்டும்” என்றாள். அன்னமீக் வீட்டுக்கு நான் காப்பி குடிக்கப் போவதென்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். அவளும் நல்ல சிநேகிதிதான். அந்த ஊர் வழக்கம் அப்படி.

ஜெசி எனக்குக் கிடைத்தது மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில். அப்போது இருவருக்குமே இருபதுகளின் நடுவில் வயது. தாம்பரத்தில் ஏறுவோம். நான் பாரிமுனையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போவேன், அவள் எழும்பூரில் ஒரு பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போவாள். ஏதோ ஒரு நாள் அவள் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், நான் கம்பியைப் பிடித்தபடி அவள் போடும் மதிப்பெண்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாம்பலம் தாண்டியதும் எழுந்து, “பாதி தூரம் நான் உட்கார்ந்தாச்சு, மீதி நீங்க உட்காருங்க” என்றாள். மறுநாளும் அப்படியே செய்தாள். அதன் பிறகு நாங்கள் ஒருவருக்கொருவர் ‘நீங்க’ சொல்லவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, ரவியின் வேலைக்காக நெதர்லாந்து போனேன். ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது வேறு நகரத்தில் படிக்கிறாள். ஜெசியின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். தனியாக விட்டால் பயந்து கூப்பாடு போடுவார். அதனால் ஜெசி குளிக்கப் போகும் நேரத்தில் நான் அங்கிருந்து போன் செய்து அம்மாவிடம் பேச்சுக் கொடுப்பேன். இங்கே பனி பெய்கிறது, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். ஜெசி ஈரத் தலையோடு வந்து போனை வாங்கிக்கொள்வாள். எனக்கு அப்போது அங்கே விடியற்காலை.

இரண்டு வருடத்துக்கு முன் ரவி திடீரென்று இறந்துபோனார். அம்மாவை விட்டுவிட்டு ஜெசியால் வரமுடியவில்லை. வீடியோ காலில் வந்து, போனைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைக்கச் சொன்னாள். நான் எழுந்தாலும் தூங்கினாலும் அவள் அதில் இருந்தாள். பேசவில்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பேனாச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் அந்த வாரம் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்தது. அடுத்த சில மாதங்களில் ஜெசியின் அம்மாவும் போய்விட்டார்.

பெட்டியோடு சாலையைக் கடந்து திரிசூலம் ரயில் நிலையத்துக்குப் போனோம். டாக்ஸி வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். அதற்கான தண்டனை படிக்கட்டிலேயே கிடைத்தது. பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று உருண்டோடி, கீழே நின்ற ஒருவரின் காலில் போய் நின்றது. ஓர் இளைஞன் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே போனான். நெதர்லாந்தில் என்றால், உதவலாமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். எனக்குப் பகீரென்றது. “பெட்டி போச்சு” என்றேன். “நடையை எட்டிப் போடு, அவன் நமக்காக அங்க நிப்பான்” என்றாள் ஜெசி. நின்றுகொண்டிருந்தான். சக்கரத்தையும் யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். வடகறியில் பட்டையும் சோம்பும் தூக்கலாக இருந்தன. நான் மூன்றாவது முறை வடகறி கேட்டபோது பரிமாறுபவர், “வெளியூராம்மா?” என்றார். “வெளிநாடு” என்று ஜெசி சொன்னதும் கரண்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஜெசியின் வீடு சேலையூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. முதல் மாடியில் தம்பி சாம் குடும்பத்தோடு இருக்கிறான். படியேறும்போது அவன் கதவு திறந்திருந்தது. “வாங்க உமாக்கா, நல்லா இருக்கீங்களா” என்று மரியாதையாகக் கேட்டான். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலே வந்ததும் ஜெசி சொன்னாள். “கல்யாணத்துக்கு வருவானாம். ஆனா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட மாட்டானாம். இந்த வயசுல இது தேவையான்னு கேக்கறான்.”

கிறிஸ்தவக் கல்யாணத்தில் அப்பா பெண்ணைக் கைபிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப்போவார். அப்பா இல்லையென்றால் அண்ணனோ தம்பியோ. “அப்போ யார் வருவா?” என்று கேட்டேன்.

“ஏன், நீ எதுக்கு வந்திருக்கே?”

நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடுவாஞ்சேரிக்குப் பஸ்ஸில் போனோம். நான் டிக்கெட்டுக்குப் பையைத் திறந்தேன். “லேடீஸுக்கு ஃப்ரீம்மா. எங்க இருந்து வரீங்க?” என்றார் நடத்துநர். அவர் கிழித்துக் கொடுத்த சீட்டை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அன்னமீக்கிடம் காட்டினால்தான் நம்புவாள். வண்டலூரில் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, டீக்கடைக்குப் போனார். அவர் டீ குடித்து முடித்தபோது பஸ்ஸும் ஏனோ சரியாகிவிட்டது.

தேவராஜ் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் மகள்தான் இந்தக் கல்யாணப் பேச்சையே முதலில் எடுத்தாளாம். அவரும் ஜெசியும் சந்தித்தது கிறிஸ்துமஸ் பாடகர் குழுவில்.

“இவர் சுருதி தப்பினார். நான் திரும்பி முறைச்சேன்” என்றாள் ஜெசி.

“அடுத்த வாரமும் தப்பினேன் சிஸ்டர்” என்றார் தேவராஜ் என்னிடம். “அப்பவாவது திரும்பிப் பாப்பாங்களான்னு.”

ஒல்லியான மனிதர். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மீன் சாப்பிட மாட்டேன் என்று நினைத்து வத்தக்குழம்பு வைத்திருந்தார். அதில் உப்பு அதிகம். நெதர்லாந்தில் சமைக்காத மீனையே வெங்காயத்தோடு வாயில் போட்டுக்கொள்வார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன் என்று சொன்னபோது கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “பச்சையாவா?” என்றார். பிறகு ஜெசியிடம் திரும்பி, “உங்க ஃப்ரெண்டுக்குப் போய்ப் புளிக்குழம்பு வெச்சேனே” என்று வருத்தப்பட்டார்.

அவரைப் பிடிக்கக் கூடாது என்று மனதின் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் நான் போயிருந்தேன். அதை எழுதாமல் விடுவது சரியில்லை. ரவி போன பிறகு, மனம்விட்டுப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் ஜெசி. ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனை முடிந்து வந்ததும் பேசுவோம். சமைப்பாள், துணி மடிப்பாள், நான் அந்தப் பக்கம் இருப்பேன். இரண்டு மாதத்துக்கு முன் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தேவராஜைப் பற்றிச் சொன்னாள். வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இனிமேல் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறொருவர் இருப்பார்.

மூன்றாம் நாள் தாம்பரம் மார்க்கெட். பொங்கலுக்கான மஞ்சள் கொத்தும் கரும்பும் சாலைவரை வந்துவிட்டன. மார்கழி என்பதால் கல்யாணக் கும்பல் எங்கும் இல்லை. கல்யாண மண்டபமும் அதனால்தான் கேட்டவுடன் கிடைத்ததாம். எனக்கு விடுப்புக் கிடைத்த வாரத்தைக் கேட்டுத்தான் ஜெசி தேதியே முடிவு செய்திருந்தாள்.

பூக்காரம்மாவிடம் அவள் மல்லிகை சொன்னாள். “ரெண்டு பேருக்கும் சேத்து நாளைக்கு மத்தியானம் ரெடியா இருக்கணும்.”

“எனக்கு வேணாம் ஜெசி.”

“ஏன்?”

ரவி இறந்த பிறகு நான் பூ வைத்துக்கொள்வதில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. அந்த ஊரில் மல்லிகையும் கிடையாது. ஆனால் ஒரு கல்யாணத்தில், அதுவும் மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பதென்றால்? எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கணவனை இழந்த பெண்கள் தாங்களாகவே பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். என் அத்தைகள் அப்படிப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைத்தான் மெதுவாகச் சொன்னேன்.

ஜெசி கடைவாசலில் நின்றே கேட்டாள். பிறகு, “உங்க வீட்டுச் சாங்கியத்தை உங்க வீட்ல வெச்சுக்கோ. இது என் கல்யாணம். என் பக்கத்துல யார் நடக்கணும்னு நான்தான் சொல்லுவேன்” என்றாள்.

பூக்காரம்மா தொடுப்பதை நிறுத்தாமல், “யக்கா சொல்றது கரெக்ட்டு. தலைல முடி கீதுல்ல, வெச்சிக்கினு போ” என்றார். எங்கள் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனோம். விமானப்படைத் தளத்தின் சின்ன விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அது போகும்வரை காத்திருந்து, மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“எவ்ளோ நாளா அவரைத் தெரியும்?”

“ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“எங்கிட்ட ரெண்டு மாசம் முன்னாடிதான் சொன்னே.”

அவள் ஒரு புடவையை இரண்டாக மடித்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். “நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அழுதுட்டிருந்தே உமா. அழறவகிட்ட போய், நான் சந்தோஷமா இருக்கேன்னு எப்படிச் சொல்றது? இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு நாள் நீ ஏதோ ஒண்ணுக்குச் சிரிச்சே. உங்க லைப்ரரில ஒரு நாய் புகுந்துதுன்னு சொல்லிட்டு. அன்னிக்குத்தான் சொன்னேன்.”

எனக்கு அந்த நாய் நினைவிருந்தது. அதற்கு முன் போன மாதங்களையும் நினைத்துப் பார்த்தேன். இவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக ஒரு மனிதர் திரும்பிப் பார்க்கிறார் என்பதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? அதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு, நான் ரவியின் சட்டைகளை என்ன செய்வது என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்காக இதுவரை யாரும் இவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு சத்தமில்லாமல் செய்ததில்லை.

“இனிமே யார்கிட்ட பேசுவேன்னு பயமா இருந்துது” என்றேன்.

“எனக்கும்தான்” என்றாள் ஜெசி. “நீ கல்யாணம் பண்ணிட்டுப் போனப்போ எனக்கு எப்படி இருந்துதுன்னு நினைக்கறே? தனியா ட்ரெயின்ல ஏறி, மாம்பலம் வந்ததும் பழக்கத்துல எழுந்து நின்னேன். யாரோ ஒருத்தி உக்காந்துட்டா.”

இருவரும் சிரித்தோம். புடவையை ஒழுங்காக மடித்தும் முடித்தோம்.

கல்யாணம் மறுநாள் மாலை நான்கு மணிக்கு, கூடுவாஞ்சேரி ஆலயத்தில். ஜெசிக்குச் சந்தன நிறப் பட்டு. ஆலயத்தில் மணப்பெண்கள் தலையில் போடும் வெள்ளை வலையைப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டாள். கையில் வெள்ளை ரோஜாச் செண்டு. என் தலையில் மல்லிகை. கண்ணாடியில் பார்த்தபோது வேறு யாரோ போல இருந்தது, ஆனால் அந்த யாரோவை எனக்குப் பிடித்திருந்தது. சாம் தன் காரில் எங்களைக் கொண்டுபோய் விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் பிள்ளைகளும் காலையிலேயே போய்விட்டார்கள். கோட் போட்டுக்கொண்டு வந்தவன், பின்கதவைத் திறந்துவிட்டான்.

கணக்கு டீச்சர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தாள், பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தை மட்டும் விட்டுவிட்டாள். இரும்புலியூர் தாண்டியதும் கார் நின்றது. பெருங்களத்தூர் வருவதற்குள் மொத்தமாக நின்றுவிட்டது. ஜிஎஸ்டி சாலை முழுக்கப் பஸ்ஸும் வேனும் கூரைமேல் பெட்டி கட்டிய கார்களும். இடுக்குகளில் பைக்குகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. நாங்கள் வலது ஓரத்தில் மாட்டிக்கொண்டிருந்தோம். சாம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஜெசி கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் செய்கிறாள் என்று தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் குனிந்து எங்களைப் பார்த்தார். “இன்னாக்கா, கல்யாணப் பொண்ணா? இங்கியே குந்திகினு இருந்தா இது இப்ப நவுறாது. ஸ்டேஷன் தோ கீது பாரு. ட்ரெயினப் புடிச்சிக்கினு போய்க்கினே இரு.”

ஜெசி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அதுதான் எங்கள் முடிவு.

“அக்கா, இந்தக் கூட்டத்துல எப்படிக்கா” என்றான் சாம். அதற்குள் ஜெசி இறங்கிவிட்டாள். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ்களுக்கு நடுவில் நுழையப் போனவளை ஒரு பைக் உரசிக்கொண்டு போனது. அவள் தடுமாறி என் தோளைப் பிடித்தாள்.

அப்போது சாம் காரை அணைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தான். எங்களுக்கு முன்னால் போய், கோட்டும் டையுமாக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பைக்குகளுக்குக் குறுக்கே நின்றான். “நில்லுங்க, நில்லுங்க. கல்யாணப் பொண்ணு வருது, கொஞ்சம் நில்லுங்கப்பா” என்று கத்தினான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். ஒவ்வொரு வரிசையாக நிறுத்தி, நாங்கள் இடது ஓரம் போய்ச் சேரும்வரை அப்படியே பின்னோக்கி நடந்து வந்தான். பைக்கில் இருந்த ஒருவர் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு, “நல்லா இருங்க மேடம்” என்றார்.

“நீ?” என்றாள் ஜெசி தம்பியிடம்.

“வண்டியை நடு ரோட்டுல விட்டுட்டு எப்படி வரது. நீங்க போங்க. நான் வந்துடுவேன்.” அவள் முந்தானையில் ஒட்டியிருந்த கிரீஸைக் கைக்குட்டையால் துடைக்கப் பார்த்தான். அது இன்னும் பரவியது. “விடுடா” என்றாள் ஜெசி. அவன் காருக்குத் திரும்பி ஓடினான்.

டிக்கெட் கவுன்டரில் வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. ஜெசியைப் பார்த்ததும் முன்னால் நின்ற பெரியவர் ஒதுங்கினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் ஒதுங்கினார். யாரும் யாரையும் கேட்கவில்லை. நெதர்லாந்தில் வரிசை என்பது வேதவாக்கு. அங்கே அரசரே வந்தாலும் கடைசியில்தான் நிற்பார் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு செண்டுப் பூவுக்கு வழி பிறந்தது.

செங்கல்பட்டு வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் நிற்கவே இடமில்லை. உள்ளே தள்ளப்பட்டோம். ஜெசி செண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கல்லூரிப் பெண் ஒருத்தி, “ஆன்ட்டி, ஏதாவது ஷூட்டிங்கா?” என்றாள்.

“இல்லம்மா, நிஜக் கல்யாணம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. இந்த வயதில் எதற்கு என்ற கேள்வி இங்கேயும் வரப்போகிறது என்று நினைத்தேன். சன்னலோரத்தில் கரும்புக்கட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள்தான் முதலில் பேசினார். “மாப்ள இன்னா பண்றாரு?”

“ரிட்டையர்டு” என்றாள் ஜெசி.

பெட்டி முழுக்கச் சிரித்தது. ஜெசிதான் எல்லோருக்கும் முன்னால் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். கரும்புக்கார அம்மாள் எழுந்து, “குந்தும்மா, பட்டுப்பொடவ கசங்கும்” என்று இடம் கொடுத்தார். கல்லூரிப் பெண் தன் பையிலிருந்து ஈரத்தாளை எடுத்துக் கிரீஸ் கறையைத் துடைத்தாள். போகாததால் முந்தானை மடிப்பை மாற்றிக் கறையை உள்ளே தள்ளி ஊக்குக் குத்தினாள். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

“ஜெசி மிஸ்?”

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். ஜெசி ஒரு கணம் பார்த்துவிட்டு, “ப்ரியா. டென்த் பி” என்றாள்.

“மிஸ், உங்களுக்கா மிஸ் கல்யாணம்?” அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. “நல்லா இருக்கீங்க மிஸ். ரொம்ப நல்லா இருக்கீங்க.” குழந்தையின் கையைப் பிடித்து ஜெசியின் கையில் வைத்தாள். ஊரப்பாக்கம் தாண்டும்வரை அந்தக் கையை ஜெசி விடவில்லை.

கூடுவாஞ்சேரியில் இறங்கியபோது பெட்டியிலிருந்து கை தட்டினார்கள். ஸ்டேஷனிலிருந்து ஆலயத்துக்கு ஓர் ஆட்டோ. ஆலயத்தின் வாசலில் தேவராஜ் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை உள்ளே நிற்க வேண்டும் என்று யாரோ அவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

ஆர்கன் ஆரம்பித்தது. ஜெசியின் கை என் கைக்குள் வந்தது. அது சில்லென்றிருந்தது. இருபுறமும் எழுந்து நின்றவர்களில் சிலர் என் தலையிலிருந்த பூவைப் பார்த்தார்கள், பெரும்பாலானவர்கள் ஜெசியைத்தான் பார்த்தார்கள். பாதி வழியில் நான் என்னைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டேன். இவள் என்னோடு எத்தனை இடத்துக்கு வந்திருக்கிறாள், இன்று நான் இவளோடு இந்தக் கொஞ்ச தூரம் நடக்கிறேன். என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்கும் இடத்தை ஜெசி முன்பே மாற்றச் சொல்லியிருந்தாள். அவர், “இந்த மகளோடு வந்து நிற்பது யார்?” என்று கேட்டார்.

“நான்” என்றேன்.

தாலி கட்டி முடித்த பிறகுதான் சாம் வந்து சேர்ந்தான். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான், சட்டை நனைந்திருந்தது. ஆசீர்வாதப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது கடைசி வரிசையில் அவனும் நின்று பாடினான். மண்டபத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் ஜெசி போய் நின்றாள். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா.” “போதும்கா.” அவன் தேவராஜோடு அன்று அதிகம் பேசவில்லை. திரும்பும்போது காரில் என்னிடம், “தனியா இருப்பீங்க, ஏதாவது வேணும்னா கீழ ஒரு குரல் குடுங்க உமாக்கா” என்று மட்டும் சொன்னான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஜெசிக்கும் போதுமானதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் போகி. சேலையூர் முழுக்கப் புகை. பிள்ளைகள் தெருவில் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெசி இல்லாத அவளுடைய வீட்டில் நான் காப்பி போட்டேன். சர்க்கரை எந்த டப்பாவில் என்று தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தேவராஜ்.

“சிஸ்டர், ஒரு ஹெல்ப். இவங்க காலைலேர்ந்து உமா இப்படிச் சொன்னா, உமா அப்படிச் சொன்னான்னு சொல்லிட்டே இருக்காங்க. எனக்குப் பாதி புரியல. நீங்களே வந்துடுங்களேன்.”

“புதுசாக் கல்யாணம் ஆனவங்க வீட்டுக்கு மறுநாளே எப்படிண்ணா” என்றேன். அண்ணா என்று சொல்லிவிட்டதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

“பிரியாணி ஒரு அண்டா மிஞ்சிருக்கு. அதுக்காகவாவது வாங்க.”

போனேன். வண்டியில் கூட்டமில்லை, ஊர் காலியாகிவிட்டிருந்தது. கூடுவாஞ்சேரி வீட்டில் ஜெசி பழைய நைட்டியில், புதுத் தாலியோடு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிரியாணியைப் பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தாள். “வந்துட்டியா, அந்த டப்பாவை எடு” என்றாள். நேற்று நடந்தது ஒவ்வொன்றையும் மறுபடி பேசினோம். பிறகு ப்ரியாவைப் பற்றி, அங்கிருந்து டென்த் பி வகுப்பைப் பற்றி, அங்கிருந்து என் மகளைப் பற்றி. தேவராஜ் சாப்பிட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவினார். கொஞ்ச நேரம் எங்களோடு உட்கார்ந்தார். எங்கள் பேச்சில் நுழைய ஓர் இடம் தேடி, கிடைக்காமல், ஆனால் அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படாமல் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் ஜெசி.

“சும்மா, ஒரு ஃப்ரெண்டைப் பாத்துட்டு சாயங்காலமா வரேன். நீங்க பேசுங்க.”

வெளியே போனவர், புகை உள்ளே வராமல் இருக்கக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

“எதுல விட்டோம்?” என்று ஜெசி கேட்டாள். எனக்கும் நினைவில்லை. வேறொன்றைப் பேச ஆரம்பித்தோம்.